பொழுதோட ஆறு மணிக்கு

ஊத்துக்குளி,
கார்த்திகை 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி சேதி தெரிந்துவிட்டது. போன வருசம் நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் கோணல்மாணலாகக் கிடந்தது. இப்போது எழுத்து கோட்டில் நிற்கிறது. குடியை விட்டு 47 நாள் என்று எழுதியிருக்கிறாய். எண்ணு, வெட்கப்படாதே. இரண்டு வருசம் முடிந்தும் நான் இன்னும் மாதக்கணக்கு வைத்திருக்கிறேன்.

டாக்டரைப் பார்த்து மாத்திரையோடு நிறுத்தினாய் பார், அதுதான் கெட்டிக்காரத்தனம். நான் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் கை உதறி, சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று கத்தியிருக்கிறேன். வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வருசக்கணக்கில் தினமும் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, நீ கேட்டது அதுவல்ல. "குடிக்காம இருந்துக்கலாம் மச்சா, பொழுதோட ஆறு மணிக்கு மேல என்ன பண்றது?" என்று கேட்டிருந்தாய். இந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். கடை மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்துகிறது. நமக்குள்ளே இருக்கும் கடை பொழுதோட ஆறு மணிக்குத்தான் திறக்கும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வண்டியை எடுத்தால் அது தானாகப் பழைய பக்கமே திரும்பும். சரக்கை விட்ட பிறகுதான் தெரிந்தது, தினமும் மூன்று மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம் என்று. அந்த மூன்று மணி நேரம் காலியாக எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு நம்மையே முறைக்கிறது.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஜிம்மில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டி ஒன்பது நாள் போனேன். பின்கட்டில் தக்காளி நாற்று நட்டேன், காய் பிடித்த வாரமே மயில் வந்து மொத்தத்தையும் கொத்திவிட்டுப் போனது. (மயில் அழகு என்று சொல்கிறவனிடம் ஒரு பாத்தியைக் கொடுத்துக் காவல் காக்கச் சொல்ல வேண்டும்.) செல்போனில் சீட்டு ஆடினேன். காசு வைத்து ஆடத் தோன்றிய அன்றைக்கே அதை அழித்துவிட்டேன். ஒன்றை விட்டு இன்னொன்றில் விழ நமக்கு நேரம் ஆகாது.

முதல் மூன்று மாதம் எதுவுமே ருசிக்காது, அதை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள். எனக்கு அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிட்டாலும் சக்கையை மெல்வது போல்தான் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். தினமும் சரக்கு வந்து மூளையைக் கிளப்பிவிட்டதால், டோபமைன் என்கிற சமாச்சாரத்துக்கு மூளை தானாக அசைவதைக் குறைத்துக்கொண்டிருக்கும், பழையபடி சின்னச் சந்தோசங்கள் உறைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார். "பிடிச்சதா பார்த்துச் செய்யணும்னு தேடாதீங்க, செஞ்சுக்கிட்டே இருங்க, பிடிக்கிறது அப்புறம் வரும்" என்றார். நமக்குத்தான் சாமி வரம் கொடுத்தாலும் உடனே கொடுக்க வேண்டுமே.

எனக்கு முதலில் பிடித்தது பறவை. சிரிக்காதே. வேலை செய்யும் இடத்தில் ஒரு பையன் சனிக்கிழமை விடியால நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப் போனான். சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்ரீஸ்வரர் கோயிலுக்கு நாம் சைக்கிளில் போவோமே, அதே பக்கம்தான். அப்போது அது நமக்கு வெறும் ஏரி. 2022இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நான் அன்றைக்கு வேண்டாவெறுப்பாகத்தான் கரையில் நின்றேன். கண்ணெதிரே கைப்பிடி அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை மிதந்துகொண்டிருந்தது. முக்குளிப்பான் என்றான். சொல்லி முடிப்பதற்குள் பொட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினான்கு வரை போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை, ஆகாயத்தாமரை ஓரமாக, பத்தடி தள்ளி எழுந்து தலையை உதறியது. திரும்பவும் முழுகியது, திரும்பவும் எண்ணினேன். அரை மணி நேரம் இதே வேலை. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, அந்த அரை மணியில் எனக்குச் சரக்கு ஞாபகமே வரவில்லை.

ஒரு மாதச் சரக்குக் காசில் 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கினேன். 8 என்றால் எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இதைவிடப் பெரிதாக வாங்காதே, கை ஆட்டத்தில் படம் நிற்காது. நம் கையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் இங்கே பட்டைத்தலை வாத்து வருகிறது. இமயமலையைத் தாண்டி வருகிற ஜாதி அது. நாம் கோபி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடையைத் தாண்டி வீட்டுக்குப் போக முடியாமல் கிடந்தோம்.

ஆனால் பறவை விடியாலைக்குத்தான் உதவும். பொழுதோட ஆறு மணிக்கு எனக்குக் கைகொடுத்தது வள்ளி கும்மி, வள்ளி கதையைப் பாடிக்கொண்டே கை தட்டி ஆடுகிற ஆட்டம்.

மாரியம்மன் கோயில் திடலில் ராத்திரி ஏழு மணிக்குப் பயிற்சி என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். ஆசிரியர் வயசானவர். கைலியைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவனைப் பார்த்து, "நிக்கிற காலு ஆடலாமல்ல" என்றார். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு இந்தக் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்பது நினைவிருக்குமே. பெண்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தவர். இப்போது எங்கள் திடலில் பெண்பிள்ளைகள்தான் முக்கால்வாசி. 52 வயசில் நான் கடைசி வரிசை. வள்ளி தினைப்புனம் காக்கப் போகும் பாட்டுக்கு எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் நான் இடப்பக்கம் திரும்புவேன். பக்கத்தில் ஐந்தாவது படிக்கிற பிள்ளை ஒன்று, "மாமா, என்ற காலைப் பாத்து வைங்க" என்றாள். அவள் காலைப் பார்த்துத்தான் ஒரு மாதம் ஓட்டினேன்.

ஒரு நாள் கம்பெனியில் சண்டை. மனசு சரியில்லை, வண்டி பழைய பக்கம் திரும்பிவிட்டது. கடை வாசலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிசம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. பெரிய வைராக்கியம் எல்லாம் இல்லை மாப்ள. நான் போகாவிட்டால் கடைசி வரிசையில் ஒரு ஆள் குறையும், கை தட்ட அந்தப் பிள்ளைக்கு ஜோடி இருக்காது, அவ்வளவுதான் தோன்றியது. அரை மணி தாமதமாகப் போனேன். "எங்க மாமா போனீங்க?" என்று முறைத்தாள். வண்டி பஞ்சர் என்று பொய் சொன்னேன்.

சித்திரை நோம்பிக்கு அரங்கேற்றம் நடந்தது. என் சம்சாரம் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் தப்பு விட்டேன். அவள் மூன்று என்கிறாள். ஆட்டம் முடிந்ததும் கூட ஆடியவர்களில் நாலு பேர் கோயிலுக்குப் பின்னால் பாட்டிலோடு ஒதுங்கினார்கள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எந்தத் திடலுக்குப் போனாலும் அந்தப் பின்பக்கம் இருக்கும். நான் வீட்டுக்கு வந்து கொள்ளுப்பருப்புச் சோறு தின்றேன். அன்றைக்கு ருசித்தது.

நீ கோபியில் இருந்துகொண்டு ஒன்றுமில்லை என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நடந்தாலே இரண்டு மணி நேரம் போகும். நெல் வயலில் கொக்கும் அரிவாள்மூக்கனும் உனக்காகவே நிற்கும். கொடிவேரி அணைக்கு மட்டும் இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதே. மீன் வறுவல் வாசமும் நம் பழைய சேக்காளிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். தனியாகச் செய்ய ஒன்று, நாலு பேரோடு செய்ய ஒன்று, இரண்டும் வைத்துக்கொள். நீ பள்ளிக்கூடத்தில் ஜமாப் மேளம் அடித்தவன், உன் ஊரில் கும்மிக்குக் கொட்டு அடிக்க ஆள் தேடாமலா இருப்பார்கள்? போய்க் கேள். கேவலமாக அடித்தாலும் பரவாயில்லை.

தைப்பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஒரே இடத்தில் பதினைந்து நிமிசம் நின்று கண்ணில் பட்டதை எண்ணி எழுதினால் போதும். வீட்டு மாடியில் நின்றுகூட எண்ணலாம். ஆனாலும் நீ இங்கே வந்துவிடு. முந்தின நாள் ராத்திரியே வா. தங்கச்சி சந்தகை பிழிகிறேன் என்கிறாள், மாவை அமுக்க ஆள் வேண்டுமாம், எனக்குத் தோள்பட்டை வலி. விடியால ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். தொப்பி எடுத்துக்கொள். அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதே, குளத்தில் ஒரு பறவை மிச்சம் இருக்காது.

உன் மச்சான்