இரண்டாவது பிழையும் பெய்யாத மழையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்து, கொஞ்ச நாள் திரை பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை நாள் எட்டையும் மூன்றையும் எந்தத் தைரியத்தில் பிரித்துப் படித்தேனோ! மகள் வேலையில் சேர்ந்த செய்தி மகிழ்ச்சியாக இருந்தது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

இனி, எக்செல் வேலையைத் தானாகச் செய்ய நீ எழுதிய மேக்ரோ. நாற்பது நாணயங்களின் மாற்று விகிதத்தை நாற்பது பக்கங்களிலிருந்து எக்செல்லுக்கு இழுத்து வருகிறது. முதலில் ஒரு பக்கம் கிடைக்காவிட்டால் அழகாகத் தாண்டிப் போகிறது. இரண்டாவதாக ஒன்று கிடைக்காதபோது 1004 என்ற பிழை எண்ணோடு பெட்டியைக் காட்டி நின்றுவிடுகிறது. "ஒருமுறை பிடித்த பிழையை மறுமுறை ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டிருந்தாய். இதே இடத்தில் ஒரு வாரம் முட்டிக்கொண்டவன் நான்.

பிழை வந்ததும் ‘ஆன் எரர் கோடூ’ உன்னைப் பிழை கவனிக்கும் பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வெறும் ‘கோடூ’ போட்டு நீ சுழற்சிக்குத் திரும்பிவிடுகிறாய். உன்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. மேக்ரோவை எழுதும் மொழியான விபிஏவின் கணக்கிலோ முதல் பிழையின் விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை அடுத்த வழக்கை எடுக்காது. ‘ரெஸ்யூம்’ என்று சொன்னால்தான் விசாரணை முடிந்ததாகப் பொருள். ஆகவே அந்த வரியில் ‘கோடூ’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘ரெஸ்யூம்’ போடு, போக வேண்டிய இடத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும், அவ்வளவுதான். ‘எர் டாட் கிளியர்’ போட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தாயே, அது பிழையின் எண்ணையும் விளக்கத்தையும்தான் துடைக்கும். விசாரணை அப்படியே நிற்கும்.

நான் இப்போது அதையும் செய்வதில்லை. ஒரு பக்கத்தை எடுத்துவரும் வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டேன். அது தன் பிழையைத் தானே பிடித்து, கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறும். வெளியேறும்போதே விசாரணையும் முடிந்துவிடுகிறது. இன்னொன்றையும் பார்த்துவிடு: தரவைப் புதுப்பிக்கும் ‘ரெஃப்ரெஷ்’ வரியில் ‘பேக்ரவுண்ட் குவரி’ ‘ஃபால்ஸ்’ என்று இருக்கிறதா? இல்லையென்றால் தரவு வரும் முன்பே நிரல் அடுத்த வரிக்கு ஓடிவிடும், உன் பொறியில் எந்தப் பிழையும் விழாது.

"பேசாமல் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போட்டுவிடட்டுமா?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன். நிலையங்களின் பக்கங்களிலிருந்து மழையளவை எடுத்துவரும் என் பட்டியலை அந்த ஒரே வரியை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் 37.4 மில்லிமீட்டர் என்று ஒரே அளவு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தானே, இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து வேறு இரண்டு நிலையங்களில் அதே கூத்து. அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது நிலையத்தின் பக்கம் வரவேயில்லை. பிழையை விழுங்கிவிட்டு நிரல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. மாறியில் முந்தைய நிலையத்தின் எண் அப்படியே கிடந்திருக்கிறது. அதை எடுத்து அடுத்த வரிசையில் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறது. எத்தனை நாள் இப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதைத் திருத்தப் போய் இன்னொரு குழியில் விழுந்தேன். பிழை வந்தால் 0 என்று ‘இஃப்எரர்’ சூத்திரம் எழுதினேன். மழைக் கணக்கில் 0 என்றால் மழை இல்லை என்று அர்த்தம், தகவல் இல்லை என்றல்ல! ஒரு நிலையம் 12, இன்னொன்று 30, மூன்றாவது கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள். சராசரி 21 வர வேண்டும். என் தாள் 14 என்று காட்டியது. வெற்று கட்டத்தை ‘ஆவரேஜ்’ கணக்கில் சேர்க்காது, பூஜ்யத்தைச் சேர்த்துவிடும். இப்போது கிடைக்காத இடத்தில், தகவல் இல்லை என்று சொல்லும் ‘என்ஏ’ பிழையையே வைக்கிறேன். வரைபடத்தில் அது பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. சராசரிக்கு ‘அக்ரிகேட்’ சூத்திரத்தில் பிழைகளை ஒதுக்கும் 6 என்ற தேர்வு இருக்கிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

பிழையே வராத பிழைதான் எல்லாவற்றிலும் மோசம். பக்கத்தின் மூன்றாவது அட்டவணை வேண்டும் என்று கேட்டிருப்பாய். அவர்கள் மேலே புதிதாக ஓர் அட்டவணையைச் சேர்த்திருப்பார்கள். உன் மூன்று இப்போது அவர்களுடைய நான்கு. எக்செல் மகிழ்ச்சியாக வேறெதையோ கொண்டுவந்து கொட்டும். ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்ற பக்கம்கூடச் சில தளங்களில் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடுதான் வரும். ஆகவே எண்ணை எடுக்கும் முன் தலைப்பு வரிசையில் நான் எதிர்பார்க்கும் சொல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் அதையும் பிழை என்றே பதிகிறேன். 404 என்றால் அந்தப் பக்கமே இல்லை, மறுபடி தட்டிப் பயனில்லை. 429 (அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய்), 503 (தளம் இப்போது தயாராக இல்லை) வந்தால் சற்றுப் பொறுத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே இரண்டு மூன்று முறை முயல்வேன், அதற்கு மேல் விட்டுவிடுவேன்.

எக்செல்லிலேயே தரவை இழுத்துவர இருக்கும் பவர் குவரிக்கு மாறலாமா என்று கேட்டாய். மாறு. ‘முயன்று பார், முடியாவிட்டால் இதை வை’ என்னும் அதன் ‘ட்ரை… அதர்வைஸ்’ நன்றாகவே இருக்கிறது. ஆனால் பவர் குவரி சோம்பேறி, தேவைப்படும்போதுதான் தரவை இழுக்கும். பக்கத்தை எடுக்கும் ‘வெப் கன்டென்ட்ஸ்’ஸை மட்டும் ‘ட்ரை’க்குள் வைத்தால் பிழை பின்னால் வேறோர் இடத்தில் வெடிக்கும். ‘பைனரி பஃபர்’ போட்டு, அங்கேயே முழுவதையும் இழுக்க வை. தாளில் இறக்கும்போது பிழையுள்ள கட்டங்கள் வெற்றாகவே தெரியும் என்பதையும் மறக்காதே. எத்தனை பிழை என்ற எண்ணிக்கை ஓரத்துப் பலகையில்தான் இருக்கும்.

இப்போது என் தாளில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மழையளவுக்குப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள்: கடைசியாக எப்போது வந்தது, வராவிட்டால் என்ன சொன்னது. சென்ற மாதம் 17ஆம் வரிசையில் தொடர்ந்து ஒன்பது நாள் 404. தொலைபேசியில் விசாரித்தால், மழைமானியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பழைய தாளாக இருந்திருந்தால் அங்கே ஒன்பது நாளும் வறட்சி.

கோப்பை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். கடவுச்சொல்லை எடுத்துவிட்டு அனுப்பு. போனமுறை போல மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்