படத்தில் இல்லாத வாழைக்காடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு பார்க்க ஏற்ற பழைய படங்கள் என்று போன இதழில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தீர்கள். அதில் ரஜினி நடித்த யானைப் படம் ‘அன்னை ஓர் ஆலயம்’ பெயரைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். அன்று ராத்திரியே போட்டுவிட்டோம்.

முதலில் ஒரு திருத்தம். தேவர் எடுத்த படம் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி அவருடையதுதான். ஆனால் படம் வந்தது 1979-ல். சாண்டோ சின்னப்பா தேவர் 1978 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். இயக்கியது அவருடைய மருமகன் ஆர். தியாகராஜன். கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரரைப் பற்றி கோயமுத்தூர்க்காரனே சொல்லாமல் விட்டால் எப்படிங்க?

நான் அதை முதலில் பார்த்தது டூரிங் கொட்டாயில். டவுனில் ஓடித் தேய்ந்து எங்கள் பக்கம் வர ஒரு வருசமாவது ஆகியிருக்கும். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து மேடு கட்டிக்கொள்வோம். பின்னால் இருப்பவன் அதைக் காலால் தட்டிவிடுவான். அதற்கு ஒரு சண்டை. ரஜினிக்காகப் போன பையன்கள் அத்தனை பேரும் யானைக்குட்டிக்காக அழுதுவிட்டு வந்தோம். எங்கள் அப்பாரு மட்டும் அழவில்லை. அவர் ஆனைமலைப் பக்கம் மரவண்டி ஓட்டப் போனவர், காட்டில் குழி வெட்டி யானை பிடித்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர். வீட்டுக்கு நடந்து வரும்போது, “குட்டியப் புடிச்சா தாயி சும்மா உடுமா? அது நெசந்தான்” என்று அவ்வளவுதான் சொன்னார். சினிமாவை அவர் நெசம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தேவர் கம்பெனிப் படம் என்றாலே எங்களுக்கு மிருகங்கள்தான். 1974-ல் ‘வெள்ளிக்கிழமை விரதம்’, அதில் பாம்பு. 1977-ல் ‘ஆட்டுக்கார அலமேலு’, அதில் ஆடு. யானைக்கு மட்டும் அவரிடம் தனி இடம். ‘தெய்வச் செயல்’ என்று 1967-ல் எடுத்த யானைக் கதையை விடாமல் இந்திக்குக் கொண்டுபோய் 1971-ல் ‘ஹாத்தி மேரே சாத்தி’யாக ஜெயித்து, அதையே மறு வருசம் எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேர’மாகத் திரும்பக் கொண்டுவந்தார். பிடித்த பிடியை விடாத ஆள்.

நாற்பது வருசத்துக்கு மேல் கழித்துப் பார்க்கையில் சண்டைகள் சிரிப்பு மூட்டுகின்றன. பேத்தி தள்ளிவிடச் சொன்னாள், தள்ளினோம். இளையராஜாவைத் தள்ள நான் விடவில்லை. அப்புறம் ஒன்று தோன்றியது. காட்டு மிருகங்களைப் பிடித்து விற்பதுதான் கதாநாயகனுக்குத் தொழில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். கடுமையான பாதுகாப்புள்ள மிருகங்களுக்கான அதன் முதல் அட்டவணையில் யானையைச் சேர்த்தது 1977-ல். படம் வரும்போதே, நாங்கள் விசிலடித்து வரவேற்ற மனுசனின் பிழைப்பு சட்டவிரோதம்! சிறுவயதில் இது யாருக்குத் தெரியும்? யானையின் கண்ணீரும் அப்படித்தான். கண்ணீர் மூக்குக்குள் இறங்க நமக்கிருக்கும் குழாய் யானைக்கு இல்லையாம், அதனால் அது கன்னத்தில்தான் வழியும். ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன, திரையில் வழிந்தபோது எனக்கும் வழிந்தது.

ஆனால் நான் கடிதம் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. அந்தப் படத்தில் காடு இருக்கிறது, ஊர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தோட்டம் இல்லை. அங்கேதான் நான் இருக்கிறேன்.

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் எனக்கு மூன்று ஏக்கர். கொஞ்சம் பாக்கு, கொஞ்சம் சின்ன வெங்காயம், மீதி நேந்திரன் வாழை. போன ஆவணியில் குலை தள்ளும் நேரத்தில் ஒரு ராத்திரி யானைகள் ஐந்து உருப்படி உள்ளே வந்துவிட்டன. முதலில் எல்லோரையும் போல நானும் கும்பிட்டுத்தான் பார்த்தேன். “போயிரு சாமி, போயிரு சாமி” என்று வரப்பில் நின்று கத்தினேன். சாமி போகவில்லை. மட்டை முறியும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்டவனுக்குத்தான் அது தெரியும், நம் எலும்பு முறிகிற மாதிரி இருக்கும். டார்ச் அடித்தேன். தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. தும்பிக்கையை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட அதற்கு இன்னும் பிடிபடவில்லை. கையில் வெடி பற்ற வைத்தாகிவிட்டது. குட்டியைப் பார்த்தேன். பார்த்தும் எறிந்தேன்.

விடிந்து எண்ணினால் நூற்றிருபது மரம் போயிருந்தது. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வந்த பணம் கன்றுக்கும் குழிக்கூலிக்கும் காணவில்லை. சரி, அது வேறு கதை.

படத்தில் குட்டி தாயைத் தேடுகிற இடம் வந்ததும், நான் அந்த வயதில் அழுத அதே இடத்தில் பேத்தி அழுதாள். என்னால் உட்கார முடியவில்லை. கூடத்தை விட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். “ஏனுங்க, படம் புடிக்கலயா?” என்று வீட்டம்மா கேட்டாள். என்ன சொல்ல?

உங்கள் கட்டுரையாளர் இதைக் ‘கவலையில்லாமல் பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். மேற்கே மலையும் கிழக்கே ரோடுமாக இருக்கிற எங்களுக்கு அப்படிப் பார்க்க முடியவில்லை. அதற்காகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பெரியவர்களும் கூட உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். குழந்தை கேள்வி கேட்குமல்லவா?

எங்கள் வீட்டில் கேட்டாள். “இப்பவும் இப்படி அம்மாகிட்டச் சேத்தி உடுவாங்களா அப்புச்சி?”

தேவர் உயிராய்க் கும்பிட்ட மருதமலையின் அடிவாரத்திலேயே 2024 மே கடைசியில் ஒரு தாய் யானை நோவில் சுருண்டு விழுந்தது. நாலு மாசக் குட்டி பக்கத்திலேயே நின்றது. வனத்துறையும் டாக்டர்களும் கிரேன் கொண்டுவந்து தாயைத் தாங்கிப் பிடித்து, நாள்கணக்கில் வைத்தியம் பார்த்து எழுப்பிக் காட்டுக்குள் அனுப்பினார்கள். பிறகு குட்டி தனியாகப் பிரிந்துவிட்டது. சேர்த்து வைக்க எவ்வளவோ முயன்றார்கள், தாய் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் குட்டியை முதுமலை தெப்பக்காட்டு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வில்லன் என்று கை காட்ட அங்கே ஒருத்தனும் இல்லை.

தாய் எழுந்து நடந்தது வரைக்கும் பேத்தியிடம் சொன்னேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்ததும் பட்டியலில் அடுத்தது என்ன என்றாள். ‘நல்ல நேரம்’. அதில் ராமு யானைக்கு என்ன ஆகும் என்று உங்கள் கட்டுரையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நரசீபுரம், கோவை மாவட்டம்.