சேகரு, அந்த டோட்டம் டாலரை உருக்கிடாதடா

டேய் சேகர்,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு குண்டு ராஜா சொன்னான், ரொம்ப சந்தோஷம். ரொம்ப நாளா போன் பண்ணலைன்னு திட்டிட்டு இருப்ப, திட்டு. ஆனா முதல்ல விஷயத்தைக் கேளு, 1947 மேப்பிள் இலை டாலர் காசு கைக்கு வந்துருச்சு!

கனடாவோட பெரிய வெள்ளி டாலர் மேல எனக்கு இருக்குற பைத்தியம்தான் உனக்குத் தெரியுமே. 36 மில்லிமீட்டர் அகலம், 23 கிராமுக்கு மேல எடை, 80 சதவீதம் வெள்ளி. இப்ப இங்க புழங்குற ஒரு டாலர் காசு, லூனின்னு சொல்வாங்க, அதை இது பக்கத்துல வச்சா சட்டை பட்டன் மாதிரி இருக்கும். 1935ல முதல் முதலா விட்ட டாலரே நினைவு நாணயம்தான், இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து 25 வருஷம் ஆனதுக்கு அடிச்சது. 1939ல ராஜா ராணி வந்ததுக்கு பார்லிமென்ட் கட்டடம், 1949ல நியூஃபவுண்ட்லாந்து கனடாவோட சேர்ந்ததுக்கு கப்பல், 1967ல நூற்றாண்டுக்கு பறக்குற வாத்து. அந்தக் கப்பல் டாலர்தான் என் உசுரு, லென்ஸ் வச்சா பாய்மரக் கயிறெல்லாம் தனித்தனியா தெரியும்.

1947 டாலர் நினைவு நாணயமே இல்ல, ஆனா நம்ம கதை அதுலதான் இருக்கு மாப்ள. அதுவரைக்கும் ராஜா ஆறாம் ஜார்ஜ் தலையைச் சுத்தி இந்தியாவுக்கும் இவர்தான் சக்கரவர்த்தின்னு லத்தீன்ல சுருக்கி எழுதியிருக்கும். நமக்கு சுதந்திரம் வந்ததும் அந்தப் பட்டத்தை எடுக்கணும், அதுக்கு புது அச்சு லண்டன்லேர்ந்து வரணும், வரவே லேட்டாயிடுச்சு, இங்க கனடால காசு தேவை நிக்கல. அதனால 1948ல ஒட்டாவா நாணயச்சாலைல 1947ன்னே வருஷம் போட்டு, ஏழுக்குப் பக்கத்துல ஒரு பொடி மேப்பிள் இலையை அடையாளமா சேர்த்து அடிச்சாங்க. டாலர்ல மொத்தம் 21,135தான். நம்ம ஊர்ல கொடியேத்தி மிட்டாய் குடுத்து முடிச்சப்புறமும் இங்க அவரை நமக்கு சக்கரவர்த்தின்னு சொல்ற காசு அடிச்சிட்டு இருந்திருக்காங்கடா! அதைக் கையில வச்சப்ப தாத்தா ஞாபகம் வந்துருச்சு, அவர் ஜெயிலுக்குப் போனதெல்லாம். அப்புறம் புது அச்சு வந்து அடிச்ச 1948 டாலர் இன்னும் கம்மி, 18,780தான், அதுல இந்தியா பேரு கிடையாது. ஆயிரம் டாலருக்கு மேல சொல்றாங்க, பொண்ணு காலேஜ் பீஸ் கட்டிட்டு அதை வாங்கியே தீருவேன்.

அந்த 1947 டாலரோட பின்பக்கத்தையும் பாக்கணும் நீ, ரெண்டு பேர் துடுப்பு போடுற படகு, படகுல இருக்குற மூட்டைல HBன்னு எழுத்து, அது ரோமத்தோல் வியாபாரம் பண்ணின ஹட்சன்ஸ் பே கம்பெனியோட சரக்கு, வானத்துல மெல்லிசா கோடு கோடா வடதுருவ ஒளி.

சரி, நான் எழுத உக்காந்ததே வேற விஷயத்துக்கு. உங்க பெரியப்பா கப்பல்ல இருந்தப்ப கொண்டு வந்தாரே, 1958 டோட்டம் கம்பம், அதான் பூர்வகுடிகள் உருவம் செதுக்கி நிறுத்துற மரக் கம்பம், போட்ட டாலர், அதை கொலுசுக்கு உருக்கக் குடுக்கப் போறியாமே, ராஜா சொன்னான். வேணாம்டா. விலை பாத்தா அது பெரிய காசு இல்லதான், லட்சக்கணக்குல அடிச்சாங்க, உள்ள இருக்குறது 0.6 அவுன்ஸ் வெள்ளி. ஆனா இப்படித்தான் எல்லாம் போகுது, 1980ல வெள்ளி அவுன்ஸ் 50 டாலர் பக்கம் போனப்ப பழைய காசெல்லாம் மூட்டை மூட்டையா உலைக்குப் போச்சு, இங்கயும் கடைல தராசுல போட்டு எடைக்குத்தான் எடுக்குறாங்க, பாக்கவே மனசு கேக்கல. பெரியப்பா அதை நமக்குக் காட்டுறப்ப எப்படி விளிம்பைப் பிடிச்சு காட்டுவாரு, மறந்துட்டியா?

அண்ணிகிட்டயும் சொல்லிடு, கருத்துப் போச்சுன்னு விபூதி போட்டு மட்டும் தேய்க்க வேணாம், கீறல் விழுந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. பிளாஸ்டிக் கவர்லயும் போடாத, அமிலமும் கந்தகமும் இல்லாத பேப்பர்ல மடிச்சு பீரோல வை. பாப்பா கொலுசுக்கு நான் பணம் அனுப்புறேன், மாமன் சீர்னு வச்சுக்கோ, ஜிபே நம்பர் பழசுதானே?

அன்புடன்,
முரளி