பால் திரிந்ததா என்று பார்த்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசத்துக்கு எங்கள் மொரீஷியஸ் காவடிப் படத்தைப் போட்டு, 'வலியறியாத இளைஞர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ரோஸ் ஹில்லில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தங்கை மகனுக்கு 24 வயது. எபேனில் கால் சென்டர் வேலை. பிரான்சுக்காரர்களிடம் போனில் திட்டு வாங்குவதற்குச் சம்பளம். இந்த வருஷமும் பத்து நாள் விரதமிருந்து, நாக்கிலும் முதுகிலும் வேல் குத்தி, கோர் த கார்த் மலைக்கோயில் படி ஏறினான். மேலே போனதும் காவடியில் கட்டியிருந்த பால் செம்பைத் திறந்து பார்த்தோம். பால் திரியவில்லை. விரதம் சுத்தம் என்று தங்கை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளை ஆறு மாதமாகத் தூங்கவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் வயிற்றுவலி என்று மூன்று டாக்டர்களிடம் போனான். மூன்றாமவர்தான் வயிற்றை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். வீட்டில் ஒரே ரகளை. "இவனென்ன ப்ரவுன் செக்கார் கேஸா?" என்று மாமா எகிறினார். போ பாசானில் உள்ள மனநல மருத்துவமனையின் பெயர் அது, இங்கே வசவாகிவிட்டது. 1817-இல் போர்ட் லூயியில் பிறந்து, முதுகுத்தண்டு நரம்புகளை ஆராய்ந்து பெயர் பெற்ற மருத்துவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பாவம் மனிதர்.

மாமாவை மட்டும் சொல்வானேன்? ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அழுதவனிடம், "ஸொம் பா ப்ளொரே", ஆம்பிளை அழமாட்டான் என்று இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் அதட்டியவள் நான்தான். தமிழ் வாத்தியாரம்மா, அதையாவது தமிழில் சொன்னேனா!

இப்போது வியாழன்தோறும் போகிறான். நான் வெளியே காரில் காத்திருப்பேன். "பெரியம்மா, மாமா கேட்டா பல் டாக்டர்னு சொல்லிடுங்க" என்பான். அப்படியே சொல்லி வருகிறேன். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், காசு ஒரு தடையே இல்லை. உலக அளவில் தற்கொலையில் ஆண்களின் விகிதம் பெண்களைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று படிக்கும்போதெல்லாம் அந்தப் பல் டாக்டர் பொய்தான் நினைவுக்கு வருகிறது.

தங்கள் இதழைப் படிக்கும் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். விரத நாட்களில் மாலைப் பூஜை முடிந்து பையன்கள் மண்டபத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் ஓர் உளவியலாளரை அழைத்து அவர்களோடு உட்கார விடுங்கள். மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எங்களைப் போன்ற பெரியவர்களும் வேண்டாம்.

படத்தை அடுத்த வருஷமும் போடுங்கள், சார். 'வலியறியாத' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். வேல் குத்தும்போது ஒவ்வொரு வருஷமும் வலிக்குமாம். போன வாரம்தான் சொன்னான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்