குடிநீர் இணைப்புகளையும் சம்புகளையும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிகள்) சீரமைக்க நன்கொடை வேண்டுகோள்

தண்டையார்பேட்டையில் நம் மூன்று தெருக்களிலும் குடியிருக்கும் 64 வீட்டாருக்கும், இங்கே வாழ்ந்து வேறு இடங்களுக்குப் போனவர்களுக்கும் குடிநீர்க் குழுவின் வணக்கம்.

புழலில் வடிகட்டி, குளோரின் கலந்துதான் தண்ணீரை அனுப்புகிறார்கள். நம் தெருக்களில் அது கெடுவது பெரும்பாலும் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசி முப்பது, நாற்பது அடியில். தண்ணீர் விடும் நேரம் போக மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. சாக்கடைக்குக் குறுக்கே போகும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அந்த நேரத்தில் கழிவுநீர் உள்ளே இறங்கிவிடும். லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சாக்கடையை இழுக்கிறோம். முதல் இரண்டு குடம் கலங்கலாக, நாற்றத்தோடு வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆளுக்கொரு ஆர்ஓ மிஷின் வாங்கினால் இது தீராது. பல் துலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அதே சம்புத் தண்ணீரில்தானே?

எந்த இடத்தில் கெடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கழிவுநீர் கலந்தால் தண்ணீரில் உள்ள குளோரின் தீர்ந்துவிடும். அதைப் பார்க்க, குளோரினைச் சோதிக்கும் டிபிடி கிட் இரண்டு வாங்குகிறோம். 10 மி.லி. தண்ணீரில் ஒரு மாத்திரையைக் கரைத்தால், குளோரின் இருந்தால் உடனே இளஞ்சிவப்பாகும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு குறைந்தது 0.2 மி.கி. மிச்சக் குளோரின் (கிருமியைக் கொன்றது போக மிஞ்சி நிற்பது) இருக்க வேண்டும். இதே சோதனைக்கு மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து விலை குறைவுதான். ஆனால் கழிவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் சேர்த்தே காட்டும், அதனால் அதை நம்ப முடியாது. தெருக் குழாயில் நிறம் வந்து, சம்புக்குள் விழும் தண்ணீரில் வராவிட்டால் பழுது வீட்டு இணைப்பில். விழும் தண்ணீரில் வந்து, சம்பில் தேங்கியதில் வராவிட்டால் பழுது சம்பில். சந்தேகம் உள்ள வீடுகளில் எச்2எஸ் குப்பியில் (கிருமிச் சோதனைக் குப்பி) தண்ணீர் பிடித்து வைப்போம். ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கலப்பு இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.

38 சம்புகளைக் கழுவ வேண்டும். தேய்த்துக் கழுவிய பின் 5,000 லிட்டர் சம்புக்கு முக்கால் கிலோ புது பிளீச்சிங் பவுடர் வேண்டும். திறந்து கிடந்த மூட்டை வேண்டாம், ஈரக்காற்றில் வீரியம் போயிருக்கும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றிச் சம்பை நிரப்பி, 12 மணி நேரம் விட்டு வெளியேற்ற வேண்டும். மருந்து ஊற்றிய பிறகு யாரும் உள்ளே இறங்கக் கூடாது; கழுவும்போதும் மேலே ஓர் ஆள் நிற்காமல் இறங்க விடமாட்டோம். தரை மட்டத்தில் இருக்கும் மூடிகளை அரையடி உயர்த்துவதும் இந்தச் செலவிலேயே அடங்கும். மழைத்தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

பெரிய செலவு, சாக்கடையைக் கடக்கும் 22 ஜி.ஐ. இணைப்புகள். குடிநீர் வாரியத்திடமும் மாநகராட்சியிடமும் அனுமதி வாங்கி, உரிமம் பெற்ற பிளம்பரை வைத்து, சாக்கடைக்கு மேலாக, நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே நீள எச்டிபிஇ (துருப்பிடிக்காத கெட்டி பிளாஸ்டிக்) குழாயாகப் போடுகிறோம்.

கிட்டுகளுக்கு ரூ.9,000. 200 குப்பிகளுக்கு ரூ.8,000. சம்பு ஒன்றுக்கு ரூ.2,000 வீதம் ரூ.76,000. இணைப்பு ஒன்றுக்கு ரூ.7,500 வீதம் ரூ.1,65,000. ஆக மொத்தம் ரூ.2,58,000. வீட்டுக்கு ரூ.3,000 என்று வைத்தால் ரூ.1,92,000 சேரும். மீதி ரூ.66,000-க்குத்தான் கடைக்காரர்களையும் வெளியூரில் இருக்கும் நம்மவர்களையும் கேட்கிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் முடிந்ததைத் தந்தால் போதும். பணம் தராததால் எந்த வீட்டு இணைப்பையும் விட்டுவிட மாட்டோம்.

எவ்வளவு தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவும், ஒவ்வொரு வீட்டின் பரிசோதனை முடிவும் மாதம் ஒருமுறை தெருமுனைப் பலகையில் ஒட்டப்படும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பள்ளம் தோண்ட முடியாது. ஆகஸ்ட் முடிவதற்குள் பணம் சேர்ந்தால்தான் செப்டம்பரில் குழாய் வேலையைத் தொடங்கலாம்.