மூளையும் உணர்வும் ஒன்றா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளையின் இயக்கமே உணர்வு (நனவு) என்று முடித்துவிட்ட கட்டுரையைப் படித்தேன். மயக்க மருந்து ஏறியதும் உணர்வு அணைந்துபோவதை, எல்லாம் பருப்பொருளே என்னும் பொருள்முதல்வாதிகள் சான்றாகக் காட்டுவது நியாயமே. ஆனால் மூளையின்றி உணர்வில்லை என்பதும் மூளையே உணர்வு என்பதும் ஒன்றல்ல. பல்வலியின்போது மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதைக் கருவி காட்டலாம். அந்தக் குத்தல் எனக்கு ஏன் வலிக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. 1995இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று குறிப்பிட்டது இதைத்தான். உணர்வுக்கான நரம்பியல் அடையாளம் (உணர்வோடு சேர்ந்து நிகழும் மூளை இயக்கம்) 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் அவரிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டார் (பந்தயப் பொருள் ஒயின்!). அதற்காக, உலகமே மனத்தின் தோற்றம் என்று தாவவும் நான் தயாரில்லை. நினைத்தே பார்க்காத நாற்காலியில் இருட்டில் கால் இடித்துக்கொள்ளத்தானே செய்கிறது?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்