ஐடா ஓவர்டன் வாக்கரின் பெயரில் ஓர் அரங்கு: பிராட்வே அரங்க உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அரங்க உரிமையாளர்களுக்கு வணக்கம்.

2022ஆம் ஆண்டில், நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயின் அரங்குகளில் ஒன்றுக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பெயரும் மற்றொன்றுக்கு லீனா ஹார்ன் பெயரும் சூட்டப்பட்டன. காலந்தாழ்ந்தேனும் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கிடைத்த அந்த மரியாதையை மனமார வரவேற்கிறேன். அந்த வரிசையில் அடுத்த பெயர், நூற்றாண்டுக்கு முன் அங்கே ஆடிப் பாடிய கறுப்பின நடிகை ஐடா ஓவர்டன் வாக்கருடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1903 பிப்ரவரியில் நியூயார்க் தியேட்டரில் 'இன் டஹோமி' மேடையேறியது. கறுப்பினத்தவரே எழுதி, இசையமைத்து, நடித்த முழுநீள இசை நாடகம் ஒன்று பிராட்வேயின் பெரிய அரங்கில் இடம்பிடித்தது அதுவே முதல் முறை. ஐடா அங்கே ஆடிப் பாடிக் கைதட்டல் பெற்றபோது, அவருடைய இனத்தைச் சேர்ந்த பார்வையாளர்களுக்கு மேல்மாடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த நாடகக் குழு லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரச குடும்பத்தின் முன் ஆடியது. தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் எசமானர்களின் மிடுக்கைக் கேலி செய்து ஆடியதாகச் சொல்லப்படும் கேக்வாக் ஆட்டத்தை லண்டன் சீமாட்டிகள் ஐடாவிடம் பயின்றார்கள்.

நடிகையாக மட்டும் அவரை நினைப்பது போதாது. குழுவின் நடனங்களை அமைத்தவர் அவர். மேடைத் தொழிலில் கறுப்பினப் பெண்களின் கண்ணியத்துக்காக 1905இலேயே பத்திரிகையில் எழுதியவர். 1909இல் அக்குழுவின் மற்றோர் இசை நாடகமான 'பண்டானா லேண்ட்' நடந்துகொண்டிருந்தபோது கணவர் ஜார்ஜ் வாக்கர் நோயுற்று மேடையை விட்டு விலக நேர்ந்தது. பகட்டான உடைக்குப் பெயர்போன அவருடைய வேடத்தை ஐடாவே தரித்து, கணவருக்கே உரியதாகிவிட்ட 'பான் பான் படி' பாடலையும் பாடினார். நோயாளிக் கணவரின் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு இரவுதோறும் சிரித்த முகத்துடன் மேடையேற எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! 1911இல் கணவர் காலமானார். மறு ஆண்டே ஹாமர்ஸ்டைனின் விக்டோரியா அரங்கில் விவிலியக் கதையின் நடனப் பெண்ணான சலோமியாக ஆடிய ஐடா, 1914 அக்டோபரில் சிறுநீரக நோயால் இறந்தபோது அவருக்கு வயது 34.

நியூயார்க் தியேட்டர் 1935இல் இடிக்கப்பட்டுவிட்டதால், அவர் ஆடிய அந்த மேடையைக் காட்டவும் இன்று வழியில்லை. எனவே அடுத்து பெயர் மாற்றம் பெறும் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுங்கள். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், அந்த அரங்கு நின்ற தெருவில் 'இன் டஹோமி' மேடையேறிய ஆண்டையும் ஐடாவின் பெயரையும் பொறித்த கல்வெட்டு ஒன்றையாவது முதலில் நிறுவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாடகக் கலையை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்